ரிட்டர்ன் பில்

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை மாடியில்
சாயங்காலம் ஆறு மணிக்கு
எங்களுக்கு இங்கிலீஷ் ஆரம்பமாகும்.
பக்கத்து மாவு மெஷின் நிற்கிற வரைக்கும்
ரெனிட்டா மிஸ் போர்டில் எழுத மட்டும் செய்வாள்.
அவளுக்கு இருபத்து மூன்று வயசு,
எனக்கு நாற்பத்தி ஒன்று.
நான் பிசகாகச் சொன்னால்
அவள்தான் சாரி சொல்வாள்.

ஏன் படிக்கிறீங்க என்று முதல் நாள் கேட்டாள்.
பதினேழு எழுத்து மருந்துப் பேரை
டாக்டர் கிறுக்கலிலும் படித்துவிடுவேன்,
வாக்கியம்தான் வராது என்றேன்.

நேற்றுப் பாடம், வாளியை உதைப்பது.
உதைத்தால் என்ன ஆகும் என்றாள்.
சண்டை ஆகும் என்றேன்.
செல்லூர்க் குழாயடியில்
எட்டாவதாக நின்ற என் பச்சை வாளியை
ஒருத்தி உதைத்துவிட்டு
மறுநாளே தோசை மாவு கடன் கேட்டு வந்தாள்.
அது இல்லையாம்.
செத்துப்போவதாம்.
"யாரு, வாளி வச்சவனா, உதைச்சவனா?"
மஸ்கட்டுக்குக் கிரேன் ஓட்டப் போகிற ஒச்சப்பனுக்கு
அது தெரிந்தாக வேண்டும்.
உதைச்சவன்தான் என்றாள்.
"அப்ப நியாயம்" என்று எழுதிக்கொண்டான்.

ஒரு துண்டு கேக் என்றால் ரொம்பச் சுலபம்.
கீழமாசி வீதி பேக்கரியில்
பதினோரு வருசமாக
விடிகாலை மூன்று மணிக்கு முட்டை உடைக்கிற துளசிராம்
அதை மட்டும் நோட்டில் ஏற்றவில்லை.

எனக்கு வேலை
பெரியாஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடையில்.
சீரியஸ் என்றால் சிரிக்காமல் இருப்பது என்கிறாள் மிஸ்.
எங்கள் வாசலிலிருந்து யாராவது
அந்தச் சொல்லைப் போனில் சொன்னால்
பஸ் பிடித்து
உசிலம்பட்டியே வந்து நிற்கும்.
எப்பவும் பாசிட்டிவா இருங்க என்கிறாள்.
ரிப்போர்ட்டில் அப்படி வந்த பையன் ஒருத்தன்
கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு
விலைகூடக் கேட்காமல் நின்றதை
அவளிடம் நான் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று எழுதிப் போட்டாள்.
எக்ஸ்பயர் ஆயிட்டார்னு சொல்லாதீங்க.
பாஸ்ட் அவே. அதுதான் மரியாதை.
"பாஸா?" ஒச்சப்பன் பேனாவை மூடினான்.
"அப்ப பெயிலானது?"
"இங்க உக்காந்திருக்கமே" என்றார் துளசிராம்.
மிஸ்கூடச் சிரித்துவிட்டாள்.
மெஷின் எப்போதோ நின்றிருந்தது.

அங்கிருந்து நேரே நைட் ஷிப்ட்.
பத்தே காலுக்குக் கொட்டாம்பட்டிக்காரர் ஒருத்தர்
ஜவுளிக்கடைப் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார்.
மூன்று அட்டை மாத்திரை,
பிரிக்காத ஊசி இரண்டு.
திருப்பி எடுத்துக்கிருவீகளா?
பதினாறு வருசப் பழக்கம்,
கை தானாக அட்டையைத் திருப்பியது.
டேட் இருக்கா என்று
வாயும் தானாகக் கேட்டுவிட்டது.
"அதுக்கு ரெண்டு வருசம் கெடக்கு" என்றார்.
அதுக்கு என்பதை
அவர் அழுத்திச் சொன்னாரா,
நான்தான் அழுத்திக் கேட்டேனா.

ரிட்டர்ன் என்றால்
கம்ப்யூட்டருக்குக் காரணம் சொல்ல வேண்டும்,
இல்லாவிட்டால் பில் போடாது.
தப்பான மருந்து. உடைசல். எக்ஸ்பயர்டு. அதர்ஸ்.
அம்புக்குறி மூன்றாவதில் போய் நின்றுகொண்டது.
மிஸ் சொன்ன மரியாதையான வார்த்தை
அந்தப் பட்டியலில் இல்லை.
அவசரமாக ஒரு படி கீழே இறக்கினேன்.
அதர்ஸ் என்றால் மற்றவை.
மற்றவர்கள் என்றும் வரும்,
போன வாரம்தான் எழுதினோம்.

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
எண்ணாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தேங்க்ஸும்மா என்றார்.
அதற்கு என்ன பதில் என்று
முதல் பாடத்திலேயே இருக்கிறது.
சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.
வெல்கம்.
வாங்க என்று அர்த்தம்.

அவர் வர்றேன் என்று சொல்லவில்லை.
நான் வாங்க என்று சொல்லவில்லை.
படியிறங்கி
ஷேர் ஆட்டோக்களைத் தாண்டி
பருத்திப்பால் வண்டிக்காரரிடம் போய்
மார்ச்சுவரி எந்தப் பக்கம் என்று கேட்டார்.
அந்த வார்த்தையை மட்டும்
ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.